ஓட்டக் குழுவில் சுடுசொல் விழும்போது

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியே பம்பலப்பிட்டி தாண்டிப் போய்த் திரும்பி, என் வாழ்க்கையில் முதன்முறையாக 5 கிலோமீற்றரை இடையில் நிற்காமல் ஓடி முடித்தேன். எடுத்த நேரம் 42 நிமிடங்கள். ஓட்டத்தைப் பதிந்து வைக்கும் ஸ்ட்ராவா செயலி காட்டிய பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, ஒரு மாதத்துக்கு முன் சேர்ந்திருந்த வட்ஸ்அப் ஓட்டக் குழுவில் போட்டேன். சற்று நேரத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுதினார்: “தம்பி, இது ஓட்டமா, மீன் வாங்கச் சந்தைக்குப் போய் வந்ததா?” அதன் கீழே சிரிக்கும் முகங்கள் ஏழு விழுந்தன. மேசையில் வைத்த தேநீர் ஆடை கட்டும்வரை, அந்த ஏழும் யார் யார் என்று விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அதே குழுவின் அட்மின்களில் நானும் ஒருவன். சுடுசொல் வாங்கியவர்கள் என்னிடம் வந்து முறையிடுகிறார்கள்; சொன்னவர்களும் வந்து, “நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?” என்று கேட்கிறார்கள். இரு தரப்பையும் கேட்டுக் கேட்டு எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. இந்தக் குழுக்களில் விழும் கடுஞ்சொற்களில் பெரும்பாலானவை, ஓட்டத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லப்படுபவை. 42 நிமிடம் என்ற எண் அன்று எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு முன் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் மூன்றாவது கிலோமீற்றரில் மூச்சு முட்டி நின்றுவிட்டு, கடலைப் பார்ப்பவன் போல நடித்தபடி நடந்து திரும்பியிருந்தேன் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆகவே ஒரு கடுஞ்சொல் வந்தால், சொன்னவர் எதைப் பார்த்துச் சொன்னார், எதைப் பார்க்காமல் சொன்னார் என்று பிரித்தெடுக்கத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அதைச் செய்யும் வழியையே இங்கே எழுதுகிறேன்.

பதில் எழுதுவதற்கு முன்

ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் எந்தக் கடுஞ்சொல்லுக்கும் பதில் எழுத வேண்டாம். குளித்து, சாப்பிட்டு, முடிந்தால் ஒரு தூக்கம் போட்டுவிட்டு எழுதுங்கள். ஓட்டக்காரர் ஒருவர் தன் ஓட்டத்தைப் பகிரும் நேரம், உடல் மிகவும் களைத்திருக்கும் நேரம்; பெருமிதம் மிகவும் உயர்ந்து நிற்கும் நேரமும் அதுவே. அந்த இரண்டும் சேர்ந்த வேளையில் விழும் ஒரு வரி, மத்தியானம் படித்தால் தோன்றுவதைப் போல் பல மடங்கு பெரிதாகத் தோன்றும். என் அனுபவத்தில், காலை ஏழு மணிக்கு எழுதப்பட்ட பதில்களில் பின்னர் அழிக்கப்படாதவை மிகக் குறைவு.

இணையத்தில் மனிதரின் நாக்குக் கட்டவிழ்வது ஏன் என்பதை உளவியலாளர் ஜோன் சூலர் 2004 இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். பெயர் மறைந்திருப்பது, முகம் தெரியாமல் இருப்பது, பதில் உடனே வராதது, எதிரே இருப்பவரின் அதிகாரமோ தகுதியோ உணரப்படாதது ஆகியவை அவர் சொன்ன காரணங்களில் சில. நம்முடைய தமிழ்க் குழுக்களுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. இங்கே பெயர் மறைவதில்லை. தொலைபேசி எண்ணே திறந்து கிடக்கிறது. இன்னாருடைய மகன், இன்ன பாடசாலையில் படித்தவர் என்பதுகூடத் தெரியும். மூப்பும் மறைவதில்லை, நேரில் இருப்பதைவிட ஒரு பிடி கூடுதலாகவே இருக்கிறது. மிஞ்சுவது முகம் தெரியாமையும் பதில் தாமதிப்பதுமே. இந்த இரண்டுமே போதுமாக இருக்கின்றன. சொன்ன அந்தக் கணத்தில் கேட்பவருடைய முகம் சுருங்குவதைக் கண்டிருந்தால் அந்த மூத்தவர் அடுத்த வார்த்தையிலேயே சமாளித்திருப்பார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

கொழும்புக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இங்குள்ள ஓட்டக் குழுக்கள் பெரும்பாலும் மும்மொழிக் குழுக்கள். சிங்களத்தில் சிந்திக்கும் ஒருவர் ஆங்கிலத்தில் நான்கு சொல்லில் ஒரு கேள்வி கேட்கிறார். அதைத் தமிழில் சிந்திக்கும் ஒருவர் அதட்டலாகப் படிக்கிறார். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போது நிலைமை இன்னும் மோசம். “நல்லா ஓடுறீங்க” என்ற இரண்டு சொல், சொல்பவரின் குரலைப் பொறுத்துப் பாராட்டும் ஆகலாம், நக்கலும் ஆகலாம். எழுத்தில் குரல் இல்லை. ஆகவே ஒரு வரி சுட்டால், உங்களுக்குத் தெரிந்தவர்களில் மிகவும் சாந்தமான ஒருவருடைய குரலில் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அந்தக் குரலில் அது இயல்பாகப் பொருந்தினால், பழுது உங்கள் காதிலோ அவருடைய மொழியிலோ இருக்கக்கூடும். எந்தக் குரலில் படித்தாலும் குத்துகிறதென்றால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது

ஒரு கொப்பியை எடுத்து, வந்த வசனத்தில் தூரம், நேரம், உடல் வலி, சப்பாத்து, உணவு, ஓய்வு ஆகியவற்றைத் தொடும் சொற்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அறிவு, குணம், குடும்பம், தகுதி பற்றிய சொற்களை எழுத வேண்டாம். எழுதி முடித்த பிறகு தாள் வெறுமையாக இருந்தால், அந்த வசனத்தில் உங்களுக்கென்று ஒன்றும் இல்லை என்று பொருள். ஏதாவது எழுதப்பட்டிருந்தால், அதை வருகிற இரண்டு வாரத்தில் வீதியில் சோதித்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால், சொன்ன விதம் எவ்வளவு கேவலமாக இருந்தாலும், சோதித்துப் பார்ப்பதே புத்தி.

இதை நான் கற்றுக்கொண்டது வலியோடு. அந்த முதல் 5 கிலோமீற்றருக்குப் பின் எனக்கு ஒரு வெறி வந்து, வாரத்துக்கு 10 கிலோமீற்றர் ஓடிக்கொண்டிருந்தவன் மூன்றே வாரத்தில் 25க்கு ஏற்றினேன். குழுவில் ஒருவர், “அறிவிருக்கா? இந்த வேகத்தில் ஏற்றினால் கால் போய்விடும்” என்று எழுதினார். நான் “அறிவிருக்கா” என்ற ஒரு சொல்லையே இரண்டு நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். மிச்சத்தைப் படித்ததாகவே நினைவில்லை. பத்தாவது நாள் கணைக்கால் எலும்பின் உட்புறத்தில் தொடங்கிய வலி, ஐந்து வாரம் என்னை வீட்டில் உட்கார்த்தியது. அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. இதயமும் நுரையீரலும் பயிற்சிக்கு விரைவாகப் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் அப்படிப் பழகுவதில்லை. அவற்றுக்கு வாரங்களும் மாதங்களும் வேண்டும். அந்த முதற்சொல்லை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொப்பியில் எழுதியிருந்தால் வைத்தியருக்குக் கொடுத்த பணம் மிஞ்சியிருக்கும்.

மறுபக்கத்தில், சோதிக்கவே தேவையில்லாத, எல்லாக் குழுக்களிலும் சுற்றிவரும் சில குற்றச்சாட்டுகள் உள்ளன. அவற்றில் முதலிடம் வேகத்துக்கு.

வேகத்தை வைத்து உங்களை யாராவது இகழ்ந்தால், அவர் எந்த ஊரில் இருந்துகொண்டு இகழ்கிறார் என்று முதலில் பாருங்கள். நம் குழுக்களில் இலண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கும் சொந்தக்காரரும் பாடசாலை நண்பரும் உறுப்பினர்கள். கொழும்பின் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27, 28 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. வெயிலுக்கு முன் ஓடிவிடலாம் என்று விடியற்காலையில் இறங்கினால், ஈரப்பதன் மிக அதிகமாக இருப்பது அப்போதுதான். வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியானால்தான் குளிரும். ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்க, உடல் தன் சூட்டை வெளியேற்றத் தோலுக்கு மேலும் மேலும் இரத்தத்தை அனுப்புகிறது. தசைகளுக்குரிய பங்கு குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் விரைந்து அடிக்கிறது. அதே முயற்சிக்கு, அதே மனிதருக்கு, வேகம் குறையும். உலகத் தரத்து ஓட்டக்காரருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. 2019 இல் தோகாவில் நடந்த உலக தடகளச் சம்பியன்ஷிப்பில், வெப்பத்தைத் தவிர்ப்பதற்காகப் பெண்கள் மரதனை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்படியும் ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேரால் முடிக்க இயலவில்லை.

என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இலண்டனிலிருந்து, கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 40 செக்கன் என்று வாரந்தோறும் குழுவில் போட்டு, எங்களுக்கெல்லாம் அறிவுரையும் சொல்லிக்கொண்டிருந்தான். டிசம்பரில் விடுமுறைக்கு வந்தவன் காலி முகத்திடலில் என்னோடு இறங்கினான். மூன்றாவது கிலோமீற்றரில், முகம் செம்பரத்தம்பூப் போலச் சிவந்து, கடலோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைய ஓட்டத்தை அவன் எங்கும் பகிரவில்லை. (நானும் படம் எடுக்கவில்லை என்பதை என் பெருந்தன்மைக்குச் சான்றாகப் பதிந்து வைக்கிறேன்.)

ஓடும் முறை பற்றிய குற்றச்சாட்டு அடுத்தது. “குதிக்கால் முதலில் படுகிறது, தப்பு” என்பார்கள். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் குதிக்காலை ஊன்றியே ஓடுகிறார்கள். “நிமிடத்துக்கு 180 அடி வைக்க வேண்டும்” என்பார்கள். அந்த 180 எங்கிருந்து வந்ததென்று சொல்பவரைக் கேட்டுப் பாருங்கள். 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜக் டானியல்ஸ் ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணிப் பார்த்ததிலிருந்து பரவிய எண் அது. எண்ணப்பட்டவர்கள் உலகின் தலைசிறந்தவர்கள், ஓடியது போட்டி வேகத்தில். கிலோமீற்றருக்கு எட்டு நிமிடத்தில் போகும் உங்களுக்கும் எனக்கும் அது அப்படியே பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை.

“நடந்து நடந்து ஓடினால் அது மரதனே இல்லை” என்பவருக்கு, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய அமெரிக்கரான ஜெவ் கலோவே, நடையையும் ஓட்டத்தையும் திட்டமிட்டுக் கலக்கும் முறையை 1970களிலிருந்தே புதியவர்களுக்குக் கற்பித்து வந்தார் என்பதைச் சொல்லலாம், அல்லது சொல்லாமலும் விடலாம். ஜிபிஎஸ் தூரத்தை வைத்து “ஏமாற்றுகிறார்” என்று எழுதுபவருக்கு இவ்வளவு போதும்: உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும், சிறிய வட்டமான பாதைகளிலும் கைக்கடிகாரம் தூரத்தைத் தவறாகக் கணிப்பது வழக்கம்.

முழங்கால் தேயும் என்ற பயமுறுத்தல் பெரும்பாலும் ஓடாதவர்களிடமிருந்தே வருகிறது. 2017 இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 வீதமாகவும், ஓடாமல் உட்கார்ந்த வாழ்க்கை வாழ்பவர்களில் 10.2 வீதமாகவும், போட்டிக்கென ஓடுகிறவர்களில் 13.3 வீதமாகவும் இருந்ததாகக் காட்டியது. கடைசி எண்ணையும் மறைக்காமல் சொல்லுங்கள். பாதி உண்மையோடு வாதாடப் போனால் அடுத்த முறை உங்கள் பேச்சு எடுபடாது. ஏற்கெனவே மூட்டு வலி உள்ளவர் வைத்தியரைத்தான் கேட்க வேண்டும், குழுவை அல்ல.

மூத்தவருக்கு எப்படிப் பதில் சொல்வது

இங்கேதான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். சம வயதினர் ஒருவர் குத்தினால் திருப்பிக் கேட்டுவிடலாம். அப்பாவின் வயதில் ஒருவர், “உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன், உரிமையோடு சொல்கிறேன்” என்ற முன்னுரையோடு குத்தும்போது, பதில் சொன்னால் மரியாதை கெட்டவர் என்ற பெயர், சொல்லாவிட்டால் மனதுக்குள் புழுக்கம். இப்படியான நேரத்தில் பலர் செய்வது, குழுவில் “சரி அண்ணா” என்று எழுதிவிட்டு, வேறொரு குழுவில் போய் அந்த வரியை ஸ்கிரீன்ஷொட்டாகப் போட்டுப் பகிடி பண்ணுவது. அதை மட்டும் செய்ய வேண்டாம். கொழும்பில் தமிழ் ஓட்டக்காரர் வட்டம் சிறியது. அந்தப் படம் மூன்று நாளில் அவரிடமே போய்ச் சேரும்.

குழுவுக்கு வெளியே, தனியாக எழுதுங்கள். உறவுமுறைச் சொல்லை விட்டுவிடாதீர்கள். அதை விட்டவுடனேயே சண்டை தொடங்கிவிட்டதாக அவர் எடுத்துக்கொள்வார். அவர் இகழ்ந்த அதே எண்ணை நீங்களே எடுத்துவைத்து, அதைப் பற்றி அவர் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேளுங்கள். சந்தை பற்றிய அந்த வரிக்கு நான் மறுநாள் எழுதியது இது: “அண்ணா, நேற்று நீங்கள் எழுதியதைப் பார்த்தேன், கொஞ்சம் சங்கடமாக இருந்தது. இப்போது ஒரு கிலோமீற்றருக்கு 8 நிமிடம் 24 செக்கன் எடுக்கிறேன். இதைக் குறைக்க முதலில் என்ன செய்யலாம்?” சங்கடமாக இருந்தது என்பதைச் சொன்னேன், ஆனால் அதிலேயே நிற்கவில்லை. சங்கடத்தைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் அவர் அடுத்த ஞாயிறும் மீன் சந்தையைக் கொண்டுவந்திருப்பார். சங்கடத்தை மட்டும் சொல்லியிருந்தால், “ஒரு பகிடியும் தாங்க மாட்டாயா?” என்று கேட்டு முடித்திருப்பார்.

அவர் அறிவுரை எதுவும் எழுதவில்லை. “வியாழன் 5.15, சுதந்திர சதுக்கம்” என்று மட்டும் வந்தது. போனேன். ஒரு சுற்று என்னோடு மெதுவாக ஓடினார். மூச்சு வாங்கிக்கொண்டே, “நீ என்னப்பா, மீன் வாங்கப் போகிறவன் மாதிரியே கையை ஆட்டுகிறாய்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதே சொல்தான், ஆனால் அவருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, என் தோளைத் தட்டித்தான் சொன்னார். எல்லா மூத்தவர்களும் இப்படி இருக்க மாட்டார்கள். இருந்தாலும் முதல் தடவை நேரில் ஓர் ஓட்டத்துக்குக் கேட்டுப் பார்ப்பதில் உங்களுக்கு நட்டம் இல்லை.

தனியாகச் சொல்லியும் மூன்றாவது முறை அதுவே நடந்தால், குழுவிலேயே, ஒரே வசனத்தில், விளக்கம் இல்லாமல் எழுதுங்கள்: “அண்ணா, என் வேகத்தைப் பற்றி இனிக் குழுவில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.” அதன் பிறகு அவர் என்ன எழுதினாலும் நீங்கள் எழுத வேண்டியது ஒன்றும் இல்லை. நண்பர்களைத் துணைக்கு அழைத்துக் கூட்டமாகப் பாய்வதும் வேண்டாம்; அப்படிச் செய்தால் நேற்றுவரை குத்துப்பட்ட நீங்கள், இன்று குத்துகிறவர்களின் தலைவராகிவிடுவீர்கள்.

பதிலே சொல்லக் கூடாதவை

உடலைப் பற்றியும், உடையைப் பற்றியும், ஒரு பெண் இருட்டோடு வீதியில் இறங்குவதைப் பற்றியும் வரும் சொற்களை மேலே சொன்ன கொப்பியில் ஏற்றவே வேண்டாம். அவற்றுக்கு விளக்கம் கொடுக்கத் தொடங்கினால், விளக்கம் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். 1967 இல் பொஸ்டன் மரதனில் 261 ஆம் இலக்கத்தோடு ஓடிய கத்ரின் சுவிட்சர் என்ற பெண்ணை, போட்டி அதிகாரி ஒருவரே நடுவீதியில் பிடித்து இழுத்து வெளியேற்றப் பார்த்தார். சுவிட்சர் நின்று வாதாடவில்லை, ஓடி முடித்தார். பொஸ்டன் பெண்களை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1972 இல். பெண்களுக்கான ஒலிம்பிக் மரதன் 1984 இல்தான் வந்தது. இவ்வளவு அண்மைக் காலம் வரை இருந்த ஒரு மனோபாவம், ஒரு வட்ஸ்அப் வரியில் இன்னும் எட்டிப் பார்ப்பதில் வியப்பில்லை; அதனோடு விவாதித்து வெல்வது ஓட வந்தவரின் வேலை அன்று. ஸ்கிரீன்ஷொட் எடுத்து, திகதி தெரியும்படி வைத்துக்கொண்டு, அட்மினுக்கு அனுப்புங்கள். அட்மின் பகிடி என்று தட்டிக்கழித்தால் அந்தக் குழுவை விட்டு வெளியேறுவதே மேல். மிரட்டலாகவோ பாலியல் தொல்லையாகவோ மாறிவிட்டால் அது ஓட்டக் குழுவின் விவகாரமே இல்லை. 1938 என்ற பெண்களுக்கான உதவி அழைப்புக்கும் பொலிஸுக்கும் போக வேண்டியது.

குடும்பக் குழுவில் பெரியம்மாமார் எழுதும் “கறுத்துப் போனாய்”, “மெலிந்து காய்ச்சல்காரி மாதிரி இருக்கிறாய்” என்பவற்றை நான் இந்த வகையில் சேர்க்கவில்லை. அவற்றுக்கு மருந்து, அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிடுவதுதான்.

செயலிகளிலேயே இருக்கும் கதவுகள்

பலருக்குத் தெரியாத சில வசதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட்ஸ்அப்பில் ஒரு குழுவை 8 மணி நேரத்துக்கோ, ஒரு வாரத்துக்கோ, எப்போதைக்குமோ ஒலியடக்கி வைக்கலாம். போட்டிக்கு முந்தைய வாரத்தில் இதைச் செய்துவிடுவது என் வழக்கம். குழுவை விட்டு வெளியேறினால் எல்லோருக்கும் அறிவிப்புப் போகும் என்று பயந்து உள்ளேயே இருந்து புழுங்குபவர்கள் உண்டு. 2022 இலிருந்து அட்மின்களுக்கு மட்டுமே அறிவிப்புப் போகிறது. ஸ்ட்ராவாவில் ஓர் ஓட்டத்தின் வேகம், இதயத் துடிப்பு ஆகியவற்றை மற்றவர்கள் பார்க்காதபடி மறைத்துவிட்டு, ஓடினேன் என்பதை மட்டும் காட்ட முடியும். ஓட்டம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் வரைபடத்தில் மறைக்கும் வசதியை எல்லோரும், முக்கியமாகத் தனியாக ஓடும் பெண்கள், முதல் நாளே போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டு வாசலை அந்நியருக்குக் காட்ட வேண்டிய தேவை எந்த ஓட்டத்துக்கும் இல்லை.

எழுதுபவர் நீங்களாக இருந்தால்

எங்கள் குழுவில் முன்பு ஞாயிறு மாலைதோறும் ஒரு பட்டியல் வரும்: அந்த வாரம் ஓடியவர்களின் பெயர்கள், வேக வரிசையில். அதைத் தயாரித்தவன் நான்தான். கடைசி ஐந்து பெயர்களுக்குரியவர்கள் ஒவ்வொருவராக ஓட்டங்களைப் பகிர்வதை நிறுத்தியபோதும் எனக்கு உறைக்கவில்லை. இப்போது பட்டியல் அகர வரிசையில், தூரம் மட்டும் போட்டு வருகிறது. கருத்து வேண்டுமென்றால் பகிர்பவரே “கருத்துச் சொல்லுங்கள்” என்று கீழே எழுத வேண்டும். எழுதாதவருக்குக் கைதட்டல் மட்டும். எவராவது மீறினால் அட்மின் அந்த வரியை அழித்துவிட்டு, மீறியவருக்குத் தனியாகச் சொல்வார். இந்த ஏற்பாடு வந்தபின் குழுவில் பேச்சுக் குறைந்துவிட்டது என்று குறைபட்டவர்களும் உண்டு, அது உண்மையும்தான். குறைந்த அந்தப் பேச்சை நான் தேடவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணமானதும் நான் எழுதிய ஒரு வரியே. புதிதாகச் சேர்ந்திருந்த தங்கை ஒருவர், 10 கிலோமீற்றரை 85 நிமிடத்தில் முடித்து, கழுத்தில் பதக்கத்தோடு ஒரு படம் போட்டிருந்தார். நான் எழுதினேன்: “பத்துக்கே 85 நிமிடம் என்றால் பயிற்சி போதாது. இப்படியே 21க்குப் போனால் அம்புலன்ஸ்தான்.” அக்கறையோடு எழுதியதாகவே நினைத்தேன். அவர் ஒரு கட்டைவிரலைப் பதிலாகப் போட்டார். அன்றிரவு, அவர் வெளியேறிவிட்டார் என்ற அறிவிப்பு அட்மின்களுக்கு மட்டும் வந்தது. டெங்கு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய ஆறாவது வாரத்தில் அவர் ஓடிய ஓட்டம் அது என்பதை, இரண்டு நாள் கழித்து அவருடைய தோழி சொல்லித் தெரிந்துகொண்டேன். டெங்குவுக்குப் பின் களைப்பு வாரக்கணக்கில் நீடிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல, எனக்கே வந்திருக்கிறது.

இப்படி ஒன்று உங்கள் கையால் நடந்துவிட்டால், குழுவில் சொன்னதைக் குழுவிலேயே திரும்பப் பெறுங்கள். “நான் ஞாயிறு எழுதிய வரி தவறானது, அதை எழுதியிருக்கக் கூடாது” என்ற அளவோடு நிறுத்துங்கள்; அவருடைய நோயையோ வேறு காரணத்தையோ அங்கே அவிழ்த்து வைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அவருக்குத் தனியாக எழுதும்போது, எந்த வசனத்துக்காக மன்னிப்புக் கேட்கிறீர்களோ அந்த வசனத்தை அப்படியே குறிப்பிடுங்கள். “உங்கள் மனம் நொந்திருந்தால்” என்று எழுத வேண்டாம். நொந்ததா என்ற சந்தேகத்தை அவர் தலையில் கட்டும் சொல் அது. “ஆனால்” என்ற சொல்லும் வேண்டாம், உங்கள் நோக்கம் பற்றிய விளக்கமும் வேண்டாம். குழுவுக்குத் திரும்பி வரும்படி கேட்கவும் வேண்டாம். கேட்டால் மன்னிப்பு ஒரு பேரமாகிவிடும். எழுதியதை அனுப்பிவிட்டு, நீல நிறச் சரி அடையாளம் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிடுங்கள். இந்தக் கடைசி அறிவுரையை நான் பின்பற்றவில்லை.

பதினொரு நாள் கழித்து அவருடைய பதில் வந்தது. “பரவாயில்லை அண்ணா. இப்ப தெஹிவளைப் பக்கம் ஓடுறன். நேற்று 78.”

குழுவுக்கு அவர் திரும்பவில்லை.